மேல்வரியும் கீழ்வரியும் ஒன்றானால்

ஆனைக்கருக்கம்பாளையம் தினமும் காலையில் ஒரு கட்டளைக்கு விடையாக வெளியே வருகிற ஊர். பால் சொசைட்டியின் மாடி அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதில் ‘ஊர்’ என்று அடித்து என்டரைத் தட்டினால் ஆளுக்கு ஒரு வரியாக ஊர் திரையில் ஓட ஆரம்பிக்கும். ஓடி முடிந்ததும் கீழே பால் கேன்கள் உருளும், டீக்கடையில் பாட்டுப் போடுவார்கள், டவுன் பஸ் வந்து திரும்பும். அன்றைய நாள் தொடங்கிவிடும்.

கட்டளை கொடுக்கிற வேலை கோகிலவாணிக்கு. அவளும் அதே ஊர்க்காரிதான். அவளுக்கும் அந்த வரிசையில் ஒரு வரி உண்டு. என்டரைத் தட்டும்போது அவள் நேற்றைய கோகிலவாணி. தன் வரி ஓடியதும் இன்றைய கோகிலவாணி ஆகிவிடுவாள். நடுவில் கொஞ்ச நேரம் காது அடைக்கும், அவ்வளவுதான். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைப்பதில்லையா, அந்த மாதிரி.

கணினி பழசு. அது கக்குவதை அப்படியே ஊருக்குள் விட முடியாது. முதலில் ஒரு தலைப்பு வரி வரும். ஒரு தடவை அதை வெட்ட மறந்துபோய், அது நாள் முழுக்கக் கடைவீதியில் எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டே இருந்தது. சாவு ஊர்வலம் உட்பட எல்லாம் அதற்குப் பின்னால்தான் போக வேண்டியிருந்தது. அப்புறம் வெற்று வரிகள். விட்டுவைத்தால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பத்திகள். ஆளுக்குப் பெயர், எடை, பல்லின் எண்ணிக்கை, தாய்மாமன் ஊர், கடைசியாக எதற்கு அழுதார் என்று வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு அது திக்கும். ஒரே ஆளின் வரியை அடுத்தடுத்து இரண்டு தரம், மூன்று தரம் சொல்லும்.

இதையெல்லாம் சரிக்கட்ட, பழைய ஆபரேட்டர் நாச்சிமுத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். மொத்தமே நாலு வரி. முதல் வரி தலைப்பை வெட்டும். இரண்டாவது வரி வெற்று வரிகளைத் தூக்கும். மூன்றாவது வரி மூன்றே பத்திகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை உதறும். நாலாவது வரி, மேலே இருக்கும் வரியும் கீழே இருக்கும் வரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் கீழதை அழித்துவிடும்.

மூன்று பத்திகள் என்னவென்றால் வீடு, கால் அளவு, மனசு. வீடு தெரியாவிட்டால் ஆள் பொழுது சாய்ந்தால் எங்கே போய்ச் சேருவான்? கால் அளவு தெரியாவிட்டால் கோயில் வாசலில் கிடக்கும் செருப்பு யாருடையது என்று எப்படித் தெரியும்? மனசு இல்லாவிட்டால் அது ஆளே இல்லை. பெயர் வேண்டாமா என்று அந்தக் காலத்தில் பஞ்சாயத்தில் யாரோ கேட்டதற்கு, “ஊருக்குள்ள ஆருக்கு ஆரு பேரு தெரியாதுங்?” என்று நாச்சிமுத்து திருப்பிக் கேட்டாராம். நியாயமான கேள்வி. அதுவும் போக, ஊர் ஒரு பக்கம் பாறைக் கரடும் ஒரு பக்கம் வாய்க்காலுமாக ஒடுங்கிக் கிடக்கிறது. அதற்கு மேல் அகலமாக எழுத இடமும் இல்லை.

இந்த நாலாவது வரியால்தான் ஊரில் யாரும் யாரோடும் முழுசாக ஒத்துப்போவதில்லை.

வெவ்வேறு வீட்டுக்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் ஒத்துப்போகலாம், தப்பில்லை. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அப்பனுக்கும் மகனுக்கும் கால் அளவு மாறியிருந்தால் பிழைத்தார்கள். கால் அளவும் ஒன்று, மனசும் ஒன்று என்றால் கணினிக்கு அது தன்னுடைய திக்கல் மாதிரித்தான் தெரியும். கீழ்வரியை அழித்துவிட்டு மேலே போய்விடும். அழிந்தவர் எங்கும் போவதில்லை. மேல்வரிக்குள்ளேயே இருப்பார்.

அதனால் ஆனைக்கருக்கம்பாளையத்தில் நிச்சயதார்த்தம் என்றால் தட்டு மாற்றியதும் பிணக்குப் பேசுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆயுசுக்கும் ஒத்துப்போகாமல் இருக்கப்போகிற ஒரே ஒரு விஷயத்தைச் சபையில் சொல்ல வேண்டும். கோகிலவாணியின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தட்டைப்பயறுக் குழம்பில் கத்திரிக்காய் போடலாமா கூடாதா என்பது பிணக்கு. இன்றுவரை கைவிட்டதில்லை. அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோதுகூட அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “கத்திரிக்கா போடாம என்னங் கொழம்பு அது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் முனகலாக மறுத்தார். இதைவிட அன்பை வேறு எப்படிக் காட்டுவது என்று ஊரில் இன்றும் சொல்லுவார்கள்.

கைவிட்டவர்களும் உண்டு. கிழக்கு வீதியில் சின்னப்பன் என்று ஒருவரும் ருக்மணி என்று ஒருவரும் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதா சாத்துவதா என்பது அவர்களுடைய பிணக்கு. வயசான காலத்தில் ஒருநாள் பொழுதோடு, போகட்டும் என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, பாதி திறந்து வைத்துவிட்டுப் படுத்தார்கள். கால் அளவு ஏற்கெனவே ஒன்று. காலையில் ஒரே ஆளாக எழுந்தார்கள். இப்போது அந்த வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். கிழக்கு வீதிப் பெரியவங்க என்று மரியாதையாகச் சொல்லுவார்கள். ஒரு ஓட்டு, ஒரு ரேஷன் சர்க்கரை. கல்யாணப் பத்திரிகை மட்டும் இரண்டாக வைப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கோகிலவாணி போய்ப் பூபாலனிடம் மனசைக் கொடுத்தாள்.

பூபாலனுக்கு வடக்கு வீதி முனையில் வீடு, கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை. கணினி அறையின் ஸ்டெபிலைசர் எரிந்துபோனபோது அதற்குப் புதுக் காயில் சுற்ற வந்தான். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அவனும் அவளும் ஒரே மூச்சில், “இத்தன நாள் ஓடுனதே பெருசு” என்றார்கள். சிரித்ததும் ஒன்றாகத்தான். அப்புறம் அந்த ஸ்டெபிலைசர் அடிக்கடி பழுதானது. பழுதாவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பது இருவருக்குமே தெரியும்; அதைச் சொல்லாமல் இருப்பதிலும் இருவருக்கும் ஒரே கருத்து.

நிச்சயத்தன்று பந்தலில் பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“செரி, புள்ளைங்களுக்குப் பிணக்கு என்னங்?”

கோகிலவாணி பூபாலனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். ராத்திரியெல்லாம் யோசித்து அவள் ஒன்று வைத்திருந்தாள்.

“எனக்குக் காப்பிங். அவங்களுக்கு டீ,” என்றாள்.

பூபாலன் நெளிந்தான். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன். “எனக்கும் காப்பிதானுங்,” என்றான்.

“அப்ப, மேக்கால பாத்த வீடா, கெழக்கால பாத்த வீடா?” என்று மாமா ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

“கெழக்கு,” என்றார்கள் இருவரும்.

“சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிக்கறதா, புதங்கெழமயா?”

“புதன்.”

சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் பாயோரம் கிடந்த செருப்புகளை எட்டிப் பார்த்தார். பூபாலனுக்கு ஆம்பளைக்குக் கொஞ்சம் சின்னக் கால். கோகிலவாணிக்குப் பொம்பளைக்குக் கொஞ்சம் பெரிய கால். இரண்டு ஜோடியும் ஒரே அளவு. சாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டிருந்த ஜோசியர் மெதுவாக எழுந்து கை கழுவப் போனார்.

“ஆவணியில முகூர்த்தம்,” என்றார் தலைவர். “அதுக்குள்ள ஒரு பிணக்கக் கண்டுபுடிச்சுச் சொல்லீருங்கோ. இல்லீன்னா கல்யாணத்தன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரு ஒரு வீட்டுக்குள்ள போவீங்கோ, காலைல ஒருத்தர்தான் கதவத் தொறப்பீங்கோ. பொறவு என்னயக் கேக்கப்படாது.”

அன்றைக்கு ஆரம்பித்தது தொல்லை. பார்க்கிறவர்களெல்லாம் ஆளுக்கொரு பிணக்கைக் கொண்டுவந்து திணித்தார்கள். டீக்கடைக்காரர் கட்சி அரசியல் பேசிப் பார்க்கச் சொன்னார்; பேசிப் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் எல்லாக் கட்சி மேலும் ஒரே அளவு சலிப்பு இருந்தது. அம்மா கோகிலவாணியைச் சமையல்கட்டில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

“மொதல்ல மூஞ்சியத் திருப்பிப் பழகோணும், கண்ணு. அவிய கேக்கறதுக்கு முன்னாலயே ‘அதெல்லாம் வேண்டாம்’னு ஒரு வார்த்த சொல்லிப் போடு. எதுக்குன்னு பொறவு யோசிச்சுக்கலாம்.”

“மனசுல இல்லாதத வாயில சொல்லி என்னம்மா ஆகும்? மிஷினு வாயையா பாக்குது?”

அம்மாவுக்கு அது தெரியாதா என்ன. தெரிந்தும் சொன்னாள். பெற்ற வயிறு. மறுநாள் பூபாலனுக்கு இரண்டு அளவு பெரிய செருப்பாக வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அவனும் பொத் பொத்தென்று அதை இழுத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்தான். காலை வெளியீட்டில் அவன் கால் அளவு பழையபடியேதான் வந்தது. மாறியது ஒன்றுதான்; மனசுப் பத்தியில் ‘செருப்புக் கடிக்கிறது’ என்று இருந்தது. கோகிலவாணியின் வரியிலும், அவள் செருப்பே போடாமல் இருந்தபோதும், ‘செருப்புக் கடிக்கிறது’ என்றே வந்தது. அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இரண்டு வரிகளின் வீட்டுப் பத்தியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் வேறு வேறு வீடாக இருப்பதால் அல்லவா அவன் தனி ஆளாக இருக்கிறான்.

நாலாவது வரியை எடுத்துவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. எடுத்தால் கணினி திக்குவதெல்லாம் அப்படியே ஊருக்குள் வரும். முன்பு ஒருமுறை அப்படி ஆகி, போஸ்ட்மேன் மூன்று பேராக வந்தார். மூவரும் ஒரே கடிதத்தைக் கொடுக்க மூன்று சந்து வழியாக ஓடி, கடிதம் கிழிந்ததுதான் மிச்சம்.

பெயர்ப் பத்தியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்தாள். மேல்வரியில் கோகிலவாணி, கீழ்வரியில் பூபாலன் என்று இருந்தால் எந்த ஸ்கிரிப்டும் ஒன்றாக நினைக்காது. மூன்றாவது வரியில் ஒரு சின்னத் திருத்தம்தான். செய்துவிட்டு என்டரைத் தட்டினாள்.

வரிகள் ஊரைவிட அகலமாகிவிட்டன. இடம் போதாமல் ஒவ்வொரு வரியின் வால் மடங்கி அடுத்த வரியின் தலையில் போய் விழுந்தது. வாலில் இருந்தது மனசு. அன்றைக்கு முழுக்க அவரவர் மனசு அவரவர்க்குக் கீழே இருப்பவரிடம் இருந்தது. பூசாரி நடை திறந்துவிட்டு, தவணை கட்டாத டிராக்டரை நினைத்துக் கலங்கினார். டிராக்டர்க்காரர் வரப்பில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரிட்சைக்கு அழுதார். கணக்குப் பரிட்சை எழுத வேண்டிய பெண், பால் விலை ஏறினால்தான் கட்டுப்படியாகும் என்று சொசைட்டி வாசலில் நின்று சண்டை பிடித்தாள், நன்றாகவே பிடித்தாள். கோகிலவாணிக்கு வந்திருந்தது அம்மாவின் மனசு; அதிலும் பூபாலனைப் பற்றிய கவலைதான். பூபாலனுக்குப் பக்கத்து வீட்டு வாத்தியாரின் மனசு வந்திருந்தது. கோகிலவாணி கடைப்பக்கம் போனபோது அவளை நிமிர்ந்து பார்த்து, “என்ன வேணுங்?” என்றான், யாரோ மாதிரி.

அவள் விறுவிறுவென்று மாடிக்கு வந்து, பெயரை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலை வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சித்தப்பா ஒருவர் வழி சொன்னார். ஸ்கிரிப்ட் அடுத்தடுத்து இருக்கிற வரிகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். நடுவில் வேறு ஒரு வரி இருந்துவிட்டால் மேலதும் கீழதும் என்னதான் ஒன்றாக இருந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. கணினி ஒரு வீட்டு ஆட்களைப் படுத்திருக்கும் வரிசைப்படிதான் சொல்லும்.

“அதனால ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான் பாயப் போட்டுப் படுத்துக்கறனுங்,” என்றார். “எனக்கு ஒரு செரமமும் இல்ல. கொஞ்சம் கொறட்ட உண்டு, அவ்வளவுதான்.”

பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தப்பா பாயைத் தட்டிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராகவே இருந்தார். கோகிலவாணியும் பூபாலனும் ஒரே குரலில், “வேண்டாமுங்,” என்றார்கள். இதில் ஒருத்தராவது சரி என்று சொல்லியிருந்தால் அதையே பிணக்காக வைத்திருக்கலாமே என்று தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

முகூர்த்தம் நெருங்கியது. பந்தக்கால் நட்டாயிற்று. பத்திரிகை வைக்கக் கோகிலவாணி கிழக்கு வீதிக்குப் போனாள்.

கிழக்கு வீதிப் பெரியவங்க முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்து தனியாகத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டையை உருட்டிவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து உருட்டினார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. கோகிலவாணி இரண்டு பத்திரிகைகளையும் தட்டில் வைத்து நீட்டினாள். அவர்கள் இரண்டு கையாலும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள்.

“உக்காரு சாமி. பிணக்குச் சிக்குச்சா?”

“இல்லீங். ஒண்ணு கேக்கலாமுங்ளா?”

“கேளு.”

“ஒண்ணாயிட்டா எப்புடீங் இருக்கும்?”

பெரியவங்க கட்டையைக் கீழே வைத்தார்கள். “நல்லாத்தான் இருக்குது. ஆரு மேலயும் கோவமில்ல. மூட்டு வலி ஒருத்தருக்குத்தான். நெனச்சத நெனச்சபடி ஒடனே புரிஞ்சுக்க ஆளிருக்குது.” கட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்கள். “என்ன, சொல்றதுக்குத்தான் ஆளில்ல. செடியில ஒரு பூ பூத்துதுன்னு வெச்சுக்க. ‘ஏனுங், இங்க வந்து பாருங்கோ’ன்னு வாயெடுப்பேன். ஏற்கெனவே பாத்திருப்பேன்.”

எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கட்டையைப் போட்டார்கள். தாயம் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. கோகிலவாணிதான் தட்டினாள். தட்டிவிட்டு, அவர்கள் பார்ப்பதற்கு முன் எழுந்து வந்துவிட்டாள். 

நேராகப் பூபாலன் கடைக்குப் போனாள். அவன் ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செம்புக் கம்பியை விரலில் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நானும் அதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன்,” என்றான் அவன், அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால்.

“என்ன யோசிச்சீங்க?”

“பிணக்கு ஒண்ணும் சிக்காது, வாணி. வுட்டுறலாம். ஒண்ணாயே போயிரலாம்.” அவன் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “அதுல என்ன நட்டம்? நீ எங்கியும் போகமாட்ட. நானும் போகமாட்டேன். ஒருத்தர ஒருத்தர் தேடவே வேண்டியதில்ல. கலியாணங்கறதே அதுக்குத்தான?”

கோகிலவாணி வாயைத் திறந்தாள். வழக்கமாக அவளுக்குள்ளிருந்து அவனுடைய வார்த்தையேதான் வரும். இன்றைக்கு வரவில்லை.

“இல்லீங்,” என்றாள்.

அவன் கை நின்றது.

“எனக்கு அது வேண்டாமுங். எனக்கு நீங்க எதுத்தாப்புல உக்காரோணும். நான் சாப்பாடு போட்டா நீங்க சாப்புடோணும். நீங்க கடையப் பூட்டீட்டு எப்ப வருவீங்கன்னு நான் வாசலப் பாத்துட்டு நிக்கோணும். உள்ளுக்குள்ளயே இருந்தீங்கன்னா நான் ஆரப் பாத்துட்டு நிக்கறது?”

“நிக்கவே வேண்டியதில்லைங்கறேன் நான். கால் வலிக்காது.”

“வலிக்கட்டும்.”

“கூடவே இருக்கறது தப்பா?”

“கூட இருக்கறதுக்கு ரெண்டு பேரு வேணுமுங்!”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். ரோட்டில் போன சைக்கிள் ஒன்று நின்றது. பூபாலனுக்கும் குரல் ஏறியது. “நா ஆசையாத்தான சொல்றேன்? உன்னய வுட்டு ஒரு நிமிசம் பிரியக்கூடாதுன்னு நெனைக்கறது ஒரு குத்தமா?” என்றான். “நானும் ஆசையாத்தாஞ் சொல்றனுங். என்னயப் பாக்க ஒரு ஆளு வேணும்னு நெனைக்கறது குத்தமா?” என்றாள் அவள். அவன் கையிலிருந்த காயில் அவிழ்ந்து மடியெல்லாம் செம்புக் கம்பியாகக் கிடந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்கும்தான், அதில் மட்டும் ஒற்றுமை.

சைக்கிளில் வந்தவர் மெதுவாக இறங்கினார். பஞ்சாயத்துத் தலைவர். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இது போதுமுங்,” என்றார் நிம்மதியாக. “இது ஆயுசுக்கும் தாங்கும்.”

கல்யாணம் நடந்தது. தாலி கட்டியதும் சபையில் பிணக்கைச் சொன்னார்கள். ‘ஒன்றாகிவிட வேண்டும்’ என்றான் பூபாலன். ‘கூடாது’ என்றாள் கோகிலவாணி. எல்லாரும் அட்சதை போட்டார்கள். கிழக்கு வீதிப் பெரியவங்க வந்து இரண்டு இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா மட்டும் பாயை எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியில் வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கோகிலவாணி மாடி அறைக்குப் போனாள். கையில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. ‘ஊர்’ என்று அடித்தாள். விரல் என்டருக்கு மேலே நின்றது. எத்தனையோ காலைகள் யோசிக்காமல் தட்டிய பொத்தான். பூபாலன் ராத்திரியோடு ராத்திரியாக மனசு மாறி, நீ சொல்வதுதான் சரி என்று நினைத்துத் தொலைத்திருந்தால்? நல்லவன் வேறு. நல்லவர்களை இந்த விஷயத்தில் நம்பவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

தெற்கு வீதி ஓடியது. கிழக்கு வீதி ஓடியது, ஒரு வீட்டில் ஒரே ஒரு வரியாக. மேற்கு முடிந்தது. வடக்கு வீதி முனை வீடு கடைசி. காது அடைத்தது, விட்டது. கண்ணைத் திறந்தாள். முனை வீடு, அதே கால் அளவு, ‘ஒன்றாகிவிடலாம்’ என்று ஒரு வரி. அதன் கீழே முனை வீடு, அதே கால் அளவு, ‘கூடாது’ என்று இன்னொரு வரி.

கீழே கேன்கள் உருண்டன. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஊர் முழுக்க எழுந்து முடிக்கும்வரை வாய்விட்டு அழுதாள்.

அதற்கப்புறம் வாழ்க்கை நன்றாகவே போனது, அவ்வப்போது ஆபத்து வந்தாலும். சில சாயங்காலம் பூபாலன் கடையைப் பூட்டிவிட்டு வருவான். வாசலில் அவள் நின்றுகொண்டிருப்பாள். அவளைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நடந்து வந்து, பக்கத்தில் வந்ததும், “வாணி, நீ சொல்றதுலயும் ஒரு இது இருக்குது...” என்று ஆரம்பிப்பான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்திவிடுவாள். அப்புறம் உள்ளே அழைத்துப் போய் எதிரே உட்காரவைத்து, அவன் பழைய கட்சிக்குத் திரும்பும்வரை சோறு போடுவாள். சில ராத்திரி அவளுக்கே தோன்றும். அவன் மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்கும்போது, ஒன்றாகப் போய்விட்டால்தான் என்ன என்று. அப்போதெல்லாம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து படுப்பாள்.

மார்கழியில் ஒரு காலை, வடக்கு வீதி ஓடி முடிகிற நேரத்தில் திரை ஒரு கணம் தயங்கியது. ஸ்கிரிப்டுக்குப் போவதற்கு முன் கணினி கக்கியது என்னவென்று கோகிலவாணி திருப்பிப் பார்த்தாள். தலைப்பு வரி, திக்கல், பத்திகள் எல்லாம் வழக்கம்போலத்தான். முனை வீட்டில் மட்டும் ‘ஒன்றாகிவிடலாம்’ வரிக்கும் ‘கூடாது’ வரிக்கும் நடுவில், இனிமேல்தான் எழுதப்பட வேண்டிய ஆளுக்கு இடம் விட்ட மாதிரி ஒரு வெற்று வரி இருந்தது.

ஸ்கிரிப்டின் இரண்டாவது வரி வெற்று வரிகளைத் தூக்கிவிடும். நாச்சிமுத்து அதை எழுதி வைத்த நாளிலிருந்து அது ஒரு நாளும் தவறியதில்லை. கோகிலவாணி அந்த இரண்டாவது வரியை நிறுத்திவைத்தாள். அப்புறம் கட்டளையை மறுபடியும் கொடுத்தாள்.

அன்றைக்கு ஊரின் வெற்று வரிகள் அத்தனையும் வெளியே வந்தன. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு சீட்டை விட்டுவிட்டு எல்லாரும் நின்றுகொண்டு போனார்கள். ரேஷன் கடை வரிசையில் நடுநடுவே ஒரு ஆள் இடைவெளி நகர்ந்தது; கடைக்காரர் அதற்கும் சர்க்கரை அளந்தார். கிழக்கு வீதிப் பெரியவங்களுக்கு எதிரே ஒரு வெற்று வரி உட்கார்ந்து தாயக்கட்டையை வாங்கிக்கொண்டது.

வடக்கு வீதி முனை வீட்டில் பூபாலன் பாயை விரித்து, நடுவில் இடம் விட்டு, ஒரு பழைய வேட்டியை மடித்துப் போட்டுவைத்திருந்தான். “ஆரு ஜாடை?” என்று குனிந்து பார்த்தான். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தாள். வெற்று வரியை இரண்டு கையாலும் பதனமாக வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கால் எங்கே என்று தடவிப் பார்த்து, விரித்துப் பிடித்து, சாண் வைத்து அளந்தாள்.

“நல்ல பெரிய காலு,” என்றாள். “நடுவுல இது படுத்துக்கும், நீங்க ரெண்டு பேரும் இனி நிம்மதியா இருங்கோ. இது ஆரோடயும் ஒட்டாது.”

பிறகு எண்ணெயைச் சூடு பார்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கோகிலவாணி அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.